ததேயுஸ் என்ற பெயரில் இரண்டு சான்றிதழ்கள்

அன்பு மக்கள் ஜெனிக்கும் அனிஷுக்கும்,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் குறுக்கே பேசி என்னை முடிக்க விடமாட்டீர்கள். அதனால்தான் பேப்பரில். ஜெனி, நீ எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாய். அனிஷுக்கு நீதான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவனுக்குப் பிடிக்காத இடம் வரும்போது தாண்டிப் போய்விடாதே. அந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உங்கள் சேவியர் சித்தப்பா இதை ஊர்க் கோயிலில் போடுகிற பங்கு மலரில் போட வேண்டும் என்கிறான். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் ஊர்க்காரர்களுக்காக அங்கங்கே விளக்கியிருக்கிறேன். சித்தப்பா என்று எழுதிவிட்டேன். இனி நீங்கள் அவனைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும்.

1

அமெரிக்காவில் அறுபத்தைந்து வயதானால் அரசாங்கமே முதியோருக்கு மருத்துவக் காப்பீடு தருகிறது. அதுவரை வேலை கொடுத்தவன் தர வேண்டும், இல்லையென்றால் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். நான் ஹூஸ்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டும் இடத்தில் நிற்கிறவன். முட்டத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அங்கேயும் மீன்தான் சோறு போட்டது. ஆனால் கையுறை போட்டு, தலைக்கு வலை போட்டு, ஐஸில் அடுக்கி வைத்திருக்கும் மீனை வெட்ட வேண்டும். மீனுக்கு வாசனையே இருக்காது. வாரத்தில் ஒரு அளவுக்கு மேல் மணிநேரம் நின்றால் காப்பீடு கொடுக்க வேண்டி வரும் என்பதால், அந்த அளவு வருவதற்கு முன்பே மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சிரித்துக்கொண்டேதான் அனுப்புவார்.

எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. உங்கள் அம்மா லில்லி நர்ஸ். அவள் ஆஸ்பத்திரியின் காப்பீட்டில் நாலு பேரும் இருந்தோம். பிறகு ஜெனி கழன்றாள், அனிஷ் கழன்றான். நாங்கள் இரண்டு பேரும் மிச்சம்.

போன வருடம் அம்மாவுக்கு அறுபத்தைந்து முடிந்தது. முப்பது வருடமாக வார்டில் நின்ற முட்டிகள், இனி முடியாது என்று சொல்லிவிட்டன. ரிட்டயர் ஆனாள். கேக் வெட்டினோம். அனிஷ் டல்லாஸில் இருந்து வந்திருந்தான். அவளுக்கு முதியோர் காப்பீட்டு அட்டை தபாலில் வந்தது. நாலு நாள் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அது எனக்கு. மனைவி வேலையை விட்டதால் கணவனுக்குக் கொடுத்த காப்பீடு மாதக் கடைசியில் முடிகிறது. அறுபது நாளுக்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளவும். அந்த நாட்கள் தாண்டினால் வருடத்தின் கடைசியில்தான் அடுத்த வாசல் திறக்கும்.

ஜெனி, அன்றைக்கே நீ லேப்டாப்பை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். "அப்பா, டூ இயர்ஸ்கூட இல்லை. ஒரு பிளான் எடுத்துடலாம். பிரிட்ஜ் மாதிரி," என்றாய். நான் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டேன். நீ அம்மாவிடம், "காசுக்காகவா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. காசுக்காக இல்லை, மக்களே. எனக்கு அறுபத்தாறு ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபத்தாறு வயதுக்காரன் எதற்காக அறுபத்துமூன்று வயதுக்காரனுக்கான பாலத்தில் நடக்க வேண்டும் என்று எனக்கு வீம்பு.

2

ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் ஒரு வயது, வீட்டில் ஒரு வயது. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர், "அஞ்சாறு வயசு இருக்கும் சார்," என்பார். ஹெட்மாஸ்டர் மே மாதக் கடைசியில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். கடலில் போன அப்பன்மார் தேதியைக் குறித்தா வைத்திருந்தார்கள்?

என் சான்றிதழ்படி எனக்கு இப்போது அறுபத்துமூன்று முடிந்து நாலு மாதம். பாஸ்போர்ட், துபாய் விசா, அமெரிக்கக் குடியுரிமை எல்லாவற்றிலும் அந்தத் தேதிதான். ஆனால் என் அம்மா சொன்ன கணக்கு வேறு. எங்கள் கோயில் மணி ஊருக்கு வந்த கதையை நீங்கள் நூறு தடவை கேட்டிருப்பீர்கள். வள்ளத்தில் மணியைக் கொண்டுவந்து, ஊரே கயிறு பிடித்துக் கோபுரத்தில் ஏற்றியது. "மணி ஏத்துன அன்னிக்கு நீ என் மடியில கெடந்து பாலு குடிச்சிட்டிருந்த. மொத அடி விழுந்ததும் பேடிச்சு கத்துன பாரு, மணிச் சத்தம் ஒரு பக்கம், ஒன் சத்தம் ஒரு பக்கம்," என்று அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொல்லுவாள்.

மணியின் விளிம்பில் அது வார்த்த வருடம் எழுத்தாக நிற்கிறது. பன்னிரண்டு வயதில் நானும் சேவியரும் கோபுரத்தில் ஏறி அதை விரலால் தடவிப் பார்த்தோம். கீழே இறங்கிக் கணக்குப் போட்டேன். சான்றிதழைவிட மூன்று வயது மூத்தவன் நான். என் அப்பாவின் தம்பி மகன் சேவியரைவிட ஒரு வயது மூத்தவன். அன்றைக்கே அவனிடம், "ஏலே, இனி என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடாத, அண்ணேன்னு சொல்லு," என்றேன். அவன் சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வருடமாக நான் சொன்ன வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தான்.

கல்யாணம் பேசும்போதும் லில்லி வீட்டாரிடம் சான்றிதழ் வயதைக் காட்டிவிட்டு, "அது ஹெட்மாஸ்டர் அடிச்சு விட்டது, பையனுக்கு உள்ள வயசு வேற, பொண்ணவிட ஒரு வயசு மூப்புதான்," என்று எங்கள் மாமா விளக்கினார். அவர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் இரண்டு பேருக்கு அப்படி.

3

ஹூஸ்டனில் முதியோர் காப்பீட்டு அலுவலகத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். உங்களிடம் சொல்லவில்லை. டோக்கன் எடுத்து இரண்டரை மணி நேரம் இருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெரிய அம்மா. நான் வீட்டிலேயே சொல்லிப் பழகி வந்த இங்கிலீஷ் அவரைப் பார்த்ததும் போய்விட்டது. "மேடம், ஐ ஆம் சிக்ஸ்டி த்ரீ. பட் ஒரிஜினலி, சிக்ஸ்டி சிக்ஸ்," என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வயதைக் குறைக்கிற வழி உங்களுக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்," என்றார். பின்னால் நின்ற ஆள் சிரித்தான். எனக்கு முகம் சுட்டது. ஆனால் அவர் நல்லவர். பொறுமையாகக் கேட்டார். ஐந்து வயதுக்குள் எழுதப்பட்ட பிறப்புப் பதிவோ கோயில் பதிவோ இருந்தால் அதைப் பலமான ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள் என்றார். "ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று அவரே கேட்டார். எனக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும்போல இருந்தது.

இதற்கிடையில் ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். அம்மா ரிட்டயர் ஆவதற்கு முந்தின மாதம், கடையில் ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது நெஞ்சில் யாரோ கயிற்றைச் சுற்றி இறுக்கியதுபோல இருந்தது. உட்கார்ந்தால் விட்டது. மறுபடி தூக்கினால் மறுபடி இறுக்கியது. டாக்டர் என்னை ஓடும் பெல்ட்டில் நடக்கவைத்துப் பார்த்தார். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், அடைப்பு இருந்தால் அப்போதே சரி செய்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார். கொடுத்த தேதி, காப்பீடு முடிந்து பத்தாவது நாள். நான்தான் போன் செய்து அந்தத் தேதியை ரத்து செய்தேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும். உங்களிடம் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். அவள்மேல் கோபப்படாதீர்கள்.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடப்பேன். மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணாமலே மூடுவேன். அம்மா, "உக்காருங்க, தரை தேஞ்சிரும்," என்பாள். அறுபது நாளில் இருபத்தெட்டு நாள் போன பிறகு டிக்கெட் எடுத்தேன். உங்களிடம் சொன்னது, சேவியர் வீட்டுக் கல்யாணம் என்று. அப்படி ஒரு கல்யாணம் இல்லை.

4

எங்கள் ஊரில் இப்போது பங்கு அலுவலகத்துக்கு ஏசி உண்டு. பதிவேடுகள் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்வது ஷைனி என்ற பெண். பி.காம். படித்தவள். எங்கள் தெரு ஸ்டீபனின் மகள். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துக் கொடுத்தே அவளுக்கு லத்தீன் கொஞ்சம் வரும். பழைய புத்தகங்களில் லத்தீனும் தமிழும் கலந்து எழுதியிருக்கும்.

"மாமா, வருசம் தெரியுமா?" என்றாள்.

"மணியப் போயிப் பாரு. அதுதான் வருசம்."

"மணியில போயி சர்டிபிகேட் எழுதுன ஆளு நீங்கதான் மொதல்ல," என்று சிரித்துக்கொண்டே புத்தகத்தை எடுத்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மரிய ததேயுஸ். என் அப்பா பெயர், அம்மா பெயர், ஞானத்தகப்பன் பெயர், எல்லாம் சரி. மணி ஏற்றியதற்கு மூன்று மாதம் முந்தின தேதி. அவள் அழகான கையெழுத்தில் சான்றிதழ் எழுதினாள். பங்குச் சாமியார் கையெழுத்துப் போட்டார். சீல் விழுந்தது.

வெளியே வந்து சேவியருக்குப் பழம்பொரியும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பேப்பரை போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். அனிஷ் கட்டைவிரல் அனுப்பினான். ஜெனி, நீ, "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டாய். வந்து சொல்கிறேன் என்றேன்.

சேவியர், "இஞ்சயே நாகர்கோயில்ல காட்டிட்டுப் போலாமேல. எதுக்கு அங்க போயி கெடக்க?" என்றான். அதையும் பார்க்காமல் இல்லை. நாகர்கோவிலில் ஒரு டாக்டர் ஈசிஜி எடுத்தார். செய்யலாம், ஆனால் ஒரு வருடம் இங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், கூட ஆள் வேண்டும் என்றார். கூட இருக்க வேண்டிய ஆளுக்கு முட்டி ஆபரேஷன் அங்கே காத்திருக்கிறது. இங்கே பாலிசி எடுக்கலாமா என்று ஒரு ஏஜென்ட்டிடம் கேட்டேன். அவர் என் பாஸ்போர்ட்டையும் ஈசிஜியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்றார். எவ்வளவு என்று கேட்டேன். பாஸ்போர்ட்படி எனக்கு அறுபத்தைந்து ஆக இருக்கும் இடைவெளியைவிட அது நீளம்.

அதனால் என்ன, கையில் சான்றிதழ் இருக்கிறதே என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

5

மூன்றாம் நாள் காலையில் ஷைனி போன் செய்தாள். "மாமா, ஒண்ணு வந்து பாத்துட்டுப் போங்க. அவசரம் ஒண்ணும் இல்ல." அவசரம் இல்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே அவசரம் இருந்தது. சேவியர் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டான்.

மேஜைமேல் மூன்று புத்தகங்கள் திறந்திருந்தன.

"உங்க எடத்துல கல்யாணக் குறிப்பு இல்ல, மாமா," என்றாள். எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவனுக்குக் கல்யாணம் நடந்தால், ஞானஸ்நானப் புத்தகத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஓரத்தில் அதைக் குறித்துவைப்பார்கள். எனக்கு அந்த ஓரம் வெறுமையாக இருந்தது. "விட்டுப் போயிருக்கும், எழுதி வச்சிருவோம்னு கல்யாணப் புத்தகத்தை எடுத்தேன். அதுல உங்க ஞானஸ்நான நம்பர் வேற எழுதியிருக்கு. அந்த நம்பரு இதே ஞானஸ்நானப் புத்தகத்துல இருக்கு. மூணு வருசம் பெறகு."

அவள் விரல் வைத்த இடத்தைப் படித்தேன். மரிய ததேயுஸ். அதே அப்பா. அதே அம்மா. ஐப்பசி மாதத்து ஒரு தேதி. என் பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கும் அதே தேதி. ஓரத்தில் லில்லியின் பெயரும் எங்கள் கல்யாணத் தேதியும்.

"அப்பம் அது யாரு?" என்றேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஷைனி மூன்றாவது புத்தகத்தைத் திருப்பினாள். அது அடக்கப் புத்தகம். "காய்ச்சல். ஒண்ணர வயசு," என்று மெதுவாகச் சொன்னாள்.

எங்கள் கடற்கரையில் ஒரு பிள்ளை இறந்தால் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். எனக்கு அது தெரியாததா? சேவியரின் தங்கை ரோணிக்கம் அப்படி இரண்டாவது ரோணிக்கம்தான். தெரிந்தும், என் வீட்டில் அது நடந்திருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஊரில் எல்லோருக்கும் மே மாதத்தில் தேதி போட்ட ஹெட்மாஸ்டர் எனக்கு மட்டும் ஏன் ஐப்பசியில் போட்டார் என்றுகூட நான் யோசித்ததில்லை. என் அப்பா சரியான தேதியைச் சொல்லியிருக்கிறார். ஹெட்மாஸ்டரும் சரியாக எழுதியிருக்கிறார். ஐம்பது வருடம் அவரைக் குறை சொல்லியிருக்கிறேன்.

மடியில் கிடந்து மணிச் சத்தத்துக்கு அழுத பிள்ளை நான் இல்லை. அம்மா பொய் சொன்னாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அந்தப் பிள்ளைதான் திரும்ப வந்தது. அவள் தடவிய தலை எது என்று அவளே பிரித்துப் பார்த்திருக்க மாட்டாள்.

சேவியர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவன்தான், "அப்பம் நான் ஒனக்கு ரெண்டு வயசு மூப்பு," என்றான். "எத்தன வருசமா ஏலே, வாலேன்னு வெரட்டிட்டு இருந்த. போயி ஸ்கூட்டரத் தொடச்சு வைல, தம்பி."

ஷைனி முதலில் சிரித்தாள். பிறகு நானும்.

கிளம்பும்போது அவள் என் சரியான சான்றிதழை எழுதிக் கொடுத்தாள். "மத்தத என்ன செய்ய? திருப்பித் தரணுமா?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். "அது தப்பான சர்டிபிகேட் இல்ல, மாமா. ஆளுதான் வேற," என்றாள்.

6

இப்போது அனிஷுக்காக எழுதுகிற இடம். ஜெனி, நிறுத்தி நிறுத்திச் சொல்.

அன்றைக்கு என் கையில் இரண்டு பேப்பர். இரண்டிலும் என் பெயர், என் அப்பா, என் அம்மா, எங்கள் கோயில் சீல். ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அறுபத்தாறு வயது. நேராகக் காப்பீடு, நேராக ஆஸ்பத்திரி. இன்னொன்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அது சொல்கிறது. அறுபது நாளில் மிச்சம் ஒன்பது நாள்.

சேவியர் டீக்கடையில் வைத்துச் சொன்னான். "கொண்டு குடு மக்கா. சாமியாரு கையெழுத்து இருக்கு. செத்துப்போனவன் வந்து கேக்கவா போறான்? அவனுக்கு ஒன்னப்போல தம்பி இருக்கான்னு தெரிஞ்சா அவனே குடுத்திருப்பான்."

"மாட்டிக்கிட்டா?"

"ஆரு இஞ்ச வந்து அடக்கப் புத்தகத்தப் பாக்கப் போறா? ஒன் அமெரிக்காக்காரனா?"

சாயங்காலம் அனிஷிடம் சொன்னேன். அங்கே அவனுக்குக் காலை. காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நெஞ்சு விஷயத்தையும் அப்போதுதான் சொன்னேன். வண்டியை ஓரம்கட்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்: "அப்பா, நீங்க எதையும் திருத்தல. அது ரியல் டாக்குமென்ட். நீங்களும் இவ்வளவு நாள் அதைத்தான் நம்புனீங்க. ஜஸ்ட் கொடுங்க. எனக்கு நீங்க வேணும்."

மகனே, நீ சொன்ன கடைசி வார்த்தைக்காக அதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் முடிவு செய்தேன். இதை மறைக்க மாட்டேன். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் சேவியர் வீட்டு மாடிப் படியில் ஏறும்போது பாதியில் நெஞ்சில் கயிறு இறுகியது. அங்கேயே உட்கார்ந்தேன். நாக்குக்குக் கீழே மாத்திரையை வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் இருந்த அந்தப் பேப்பரைத் தொட்டுப் பார்த்தேன். மாத்திரையைவிட அதுதான் தைரியம் கொடுத்தது.

வலி விட்ட பிறகு, படியில் இருந்தபடியே, ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அந்த அம்மாவிடம் என்ன பேச வேண்டும் என்று இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். இதுதான் நான், இதுதான் என் பிறந்த தேதி. சரியாக வந்தது. உடன்பிறந்தவர் உண்டா என்று கேட்பார். ஒருத்தரும் இல்லை, நான் ஒற்றைப் பிள்ளை என்று சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்க நான் சொன்ன பதில்தான் அது. விசாவுக்குச் சொன்னேன், குடியுரிமைக்குச் சொன்னேன், லில்லியிடம் சொன்னேன். இப்போது படியில் உட்கார்ந்து சொல்லிப் பார்க்கும்போது வாய் வரவில்லை. மூன்று தடவை முயன்றேன்.

பயமும் இருந்தது, அனிஷ். குடியுரிமையே போய்விடுமோ, அதனால் உங்களுக்கு ஏதாவது வருமோ என்ற பயம். அப்பா ரொம்ப நேர்மையானவன் என்று நினைத்துவிடாதே. ஆனால் பயம் மட்டும் இல்லை. அந்தப் பேப்பரைக் கொடுத்தால் அவன் இறக்கவில்லை என்று ஆகும். நான் பிறக்கவே இல்லை என்று ஆகும். உங்கள் அம்மாவைக் கட்டியவன் யார், உன்னைத் தோளில் தூக்கி நடந்தவன் யார் என்று வரும். படிப்புக் குறைந்தவன், இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு இருந்தது ஒன்றரை வயது. அதையும் எடுத்து நான் என் ஆஸ்பத்திரிக்குச் செலவு பண்ண முடியாது.

நீ கேட்டது தப்பில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் என் அப்பாவிடம் அதைத்தான் கேட்டிருப்பேன்.

7

மறுநாள் சாயங்காலம் ஜெனியைக் கூப்பிட்டேன். "அந்தப் பாலத்தைப் போடு," என்றேன்.

அனிஷ் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தான். லேப்டாப் திறக்கிற சத்தம் கேட்டது. பெயர் கேட்டாள், சொன்னேன். முகவரி அவளே போட்டுக்கொண்டாள். "டேட் ஆஃப் பர்த்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். ஐப்பசித் தேதியைச் சொன்னேன். "ஷூரா அப்பா?" என்றாள். "இப்பம்தான் ஷூர்," என்றேன்.

ஒரு மணி நேரம் ஆனது. போன வருடச் சம்பளச் சீட்டு எங்கே, அம்மாவின் காப்பீடு முடிந்த கடிதம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றை ஏற்றினால் அளவு பெரிது என்று திருப்பி அனுப்பியது. பாதியில் திரை உறைந்து முதலில் இருந்து ஆரம்பித்தோம். நான் இங்கே வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டே பதில் சொன்னேன். சேவியர், "உக்காந்து பேசுல, நெஞ்சு வலிக்காரா," என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே நடந்தான். கடைசியில், அடுத்த மாதம் முதல் தேதியில் இருந்து என்று வந்தது. பிரீமியம் கனம்தான். நம் கையில் இருந்து முதலில் போக வேண்டிய தொகையும் கனம்தான். இந்த வருடக் கணக்கை எப்படிச் சமாளிப்பது என்று எனக்கு இன்னும் தெரியாது. டாக்டரிடம் தேதி வாங்குவது ஜெனியின் பொறுப்பு. முதல் தேதி வரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அதற்கு இன்னும் பதினாறு நாள் கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துத்தான் எழும்புகிறேன்.

பிறகு அம்மா போனை வாங்கினாள். அவளிடம் ஜெனி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"அப்பம் எனக்கு நீங்க ரெண்டு வயசு எளையவரு," என்றாள்.

"ஆமா."

"எங்க அப்பா உயிரோட இருந்திருந்தா இந்தக் கல்யாணத்தை இப்பமே நிறுத்தியிருப்பாரு."

"இனி என்ன செய்யணும்?"

"மூத்தவ சொல்லுதத கேக்கணும். மொத வேலையா கீழ் ரூம்ல படுங்க. மாடி வேண்டாம்." பிறகு கேட்டாள்: "அந்தப் பிள்ளைக்கு எங்க அடக்கமாம்?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் இடம் எழுதவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளுக்கு இருந்த பக்கத்தை, கடல் அரித்த பிறகு, மதில் கட்டி மண் நிரப்பிவிட்டார்கள். அவளிடம் அப்படியே சொன்னேன். "சரி," என்றாள்.

இதோடு கடிதம் முடிகிறது, மக்களே. இதற்குப் பிறகு நடந்தது சின்னது. எழுதாமல் விடலாம். ஆனால் அந்தப் பேப்பரை ஒருநாள் நீங்கள் என் பெட்டியில் பார்த்தால் குழம்பக் கூடாது.

சேவியர் வலை வாங்கக் குளச்சலுக்குப் போயிருந்தான். வீட்டில் நான் மட்டும். இரண்டு சான்றிதழையும் கட்டிலில் விரித்துவைத்தேன். என்னுடையதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன். மற்றதைக் கிழிக்க மனம் வரவில்லை. அவன் பெயரில் இந்த உலகத்தில் இருக்கும் பேப்பர் அதுதான். அப்படியே வைத்திருக்கவும் என்னை நம்ப முடியவில்லை. நெஞ்சு மறுபடி இறுகினால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். அடியில் 'குறிப்பு' என்று ஒரு வரி உண்டு. எழுத ஒன்றும் இல்லாததால் ஷைனி அதில் ஒரு கோடு இழுத்திருந்தாள். பேனாவை எடுத்து அந்தக் கோட்டின் மேலேயே, அழியாத மாதிரி அழுத்தி எழுதினேன்: ஒன்றரை வயதில் இறந்தான். மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதற்குக் கீழே இன்னும் இரண்டு வார்த்தை எழுதினேன்.

என் அண்ணன்.